ஒருநாட் செலவு

செலவு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிற் பயணம் என்பது பொருள். பாலைத்திணை பயின்ற ஆனர்ஸ் வகுப்பார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், "மாசித் திங்களிற் கங்கைகொண்ட சோழபுரத்திற்கு ஒருநாட் செலவு" என்று யான் எழுதிக்கொண்டு போன குறிப்பினைத் தமிழ் மன்றக் கூட்டத்தில் வாசித்தபொழுது, மன்றப் பொருளாளர் அச்சொல்லைப் பிற்கால வழக்கிற் கொண்டு, "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று வினவினார். அவருடைய முகக்குறிப்பை நோக்கியபோது, செலவழுங்குதல் என்னும் துறைக்கும் அன்றே ஓர் எடுத்துக்காட்டுக் கிடைத்துவிடுமோ என அஞ்சினேன். நல்ல வேளையாகப் பேராசிரியர் இடையே புகுந்து, பேருந்து வாடகையில் ஒரு பகுதியை மன்ற நிதி ஏற்கும் எனத் தீர்ப்பளித்தார். நாற்பது மாணவர், இரு பேராசிரியர், ஒரு பேருந்து, ஒரே பகல். புறப்படும் இடம் லாஸ்பேட்டை. மன்றத்தாரிற் பலர் புதுவை நகரிலிருந்து வருவோராதலின் அவ்விடம் தெரிந்தெடுக்கப்பட்டது. அப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவனும், சோழபுரத்தை முன்னரே இருமுறை கண்டவனும் ஆகிய எனக்கு வழிகாட்டி என்னும் பதவி வந்து வாய்த்தது.

வழியைப் பற்றி ஐயமில்லை. கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், மீன்சுருட்டி என்று செல்லும் பாதை ஏறத்தாழ 110 கிலோமீட்டர். இடையே சிற்றுண்டிக்கு நின்றாலும் மூன்றரை மணி நேரத்திற்குள் சென்று சேரலாம். கோயில் நடை நண்பகலிற் சாத்தப்படும். அன்றியும், மாசி வெயிலில் முற்பகல் கழிந்தபின் கருங்கல் தளத்தில் வெறுங்காலுடன் நடத்தல் எளிதன்று. ஆதலின் விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட வேண்டும் என்றேன். அப்பொழுது எழுந்த ஆரவாரத்தை ஈண்டு விரிக்கவில்லை.

எவ்வெவ்விடங்களைக் காண்பது என்பதிலேதான் வழக்கு மூண்டது. ஒரு நண்பர் பாகூரைச் சேர்க்க வேண்டும் என்றார். புதுவை மண்ணிலேயே உள்ள அவ்வூரில் நிருபதுங்க பல்லவன் காலத்தில் ஒரு கல்விச்சாலை இருந்ததென்பதும், அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டன என்பதும் பாகூர்ச் செப்பேட்டால் அறியப்படும் செய்திகள். "மாணவர் செல்லும் செலவு, மாணவர் பயின்ற ஊரிலே தொடங்குவதன்றோ முறை?" என்பது அவர் வாதம். மற்றொருவர், சிதம்பரத்தைக் கடந்து செல்பவர் கூத்தபிரானைக் காணாது செல்லுதல் தகாது என்றார். கல்கியின் அன்பர் ஒருவர், 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையிலே தொடங்குகின்றமையால், அக்கரையில் அரைமணி நேரமாவது நிற்காவிடின் தாம் வரவே போவதில்லை என்று ஒரே பிடியாக நின்றார். பிச்சாவரத்திற் படகேற வேண்டும் என்றவரும் உளர்; அவருக்கு விடை கூறுதல் வழிகாட்டியின் கடமையன்று எனக் கருதி வாளா இருந்தேன்.

இவற்றுள் ஒவ்வொன்றும் தனியே ஒரு நாளுக்குத் தகுதியுடையதே. அவ்வுண்மையைக் கொண்டே அவற்றை விலக்கினேன். ஏரிக்கரை மட்டும் எஞ்சியது. அஃது எஞ்சியதற்குக் கல்கியின் அன்பர் தம்முடைய பிடிவாதமே காரணம் என்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார். உண்மைக் காரணம் வேறு. அதனைப் பின்னே கூறுவேன்.

கங்கைகொண்ட சோழபுரத்தைக் காட்டுதலில் ஓர் இடர் உண்டு. அங்கே நகரம் இல்லை. முதலாம் இராசேந்திரன் கங்கைக் கரைவரை தன் படையைச் செலுத்தி வென்றதன் நினைவாக, ஏறத்தாழ 1025ஆம் ஆண்டளவில் அமைத்த அத்தலைநகர், 1279இற் சோழர் ஆட்சி முடிவெய்தும் வரையில், இருநூற்றைம்பது ஆண்டுகள் தென்னாட்டின் தலைமை நகராக விளங்கிற்று. கடாரத்தின்மேற் கப்பற்படை சென்ற செய்தி இங்கே வந்துதான் சேர்ந்திருக்கும். விக்கிரம சோழன் முதலிய மூவரும் உலாப் போந்ததை ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவை நாம் பரீட்சைக்குப் படிக்கிறோம். பேதை முதலாகப் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவ மகளிரும் வீதியில் வந்து நின்ற முறையை மனப்பாடமாகவும் ஒப்பிக்கிறோம். அச்சோழர்கள் வீற்றிருந்த நகரிற் பேருந்தை விட்டு இறங்குவோர் காண்பன ஒரு கோயிலும், அதனைச் சூழ்ந்த புல்வெளியும், சில கடைகளும், வயல்களும், முந்திரித் தோப்புகளுமே. முதன்முறை யான் சென்றபோது, "ஊர் எங்கே?" என்று கேட்டேன். பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த மூதாட்டியார், "இதுதான் ஊர்" என்றார்.

ஆகையால் வருகின்றவர் பெரும்பாலும் கோயிலைக் கண்டு மீள்கின்றனர். கோயிலைக் குறைத்துக் கூறுகின்றேன் என்று எவரும் எண்ணற்க. 53 மீட்டர் உயரமுள்ள அவ்விமானத்தைத் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தோடு ஒப்பிட்டு, தந்தைக்கு அடங்கிய மைந்தன் உயரத்திற் குறைத்துக் கட்டினான் என்று சொல்வது வழக்கம். அது கேட்க இனிய கதை. எனக்கு உயரத்தைக் காட்டிலும் வடிவமே பெரிதாகப் படுகிறது. தஞ்சை விமானம் நேர்கோடாக ஏறுகிறது. இது மேலே செல்லச் செல்ல உள்வளைந்து குவிகிறது. அவ்வளைவைக் காண வேண்டுமானால் அருகிற் செல்லாது, திருச்சுற்றின் வடகிழக்கு மூலையில் நின்று காலை ஒளியிலே காண வேண்டும். பின்னரே சண்டேசுவரருக்குச் சிவபெருமான் கொன்றை மாலை சூட்டும் சிற்பத்திற்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். முடிசூடும் அம்மைந்தன் இராசேந்திரனே என்பாரும் உளர். அங்குக் குனிந்த தலையின் பணிவையும், மாலையைச் சுற்றுகின்ற விரல்களின் பரிவையும் கண்டவர், அது யாராயினும் ஆகுக என்று பேசாது நிற்பர். சிங்கமுகக் கிணறு பிற்காலத்தது. எனினும் மாணவர் அனைவரும் புகைப்படம் எடுத்துக்கொள்ளப் போவது அதன் முன்னேதான் என்பதை அறிந்து, அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கோயிலுக்குத் தென்மேற்கே சிறிது தொலைவில் மாளிகைமேடு உளது. சோழர் அரண்மனை இருந்த இடம் அது. கல்வெட்டிலே சோழகேரளன் திருமாளிகை என்று பெயர் சுட்டப்பெறுவதும் இந்நகரத்து அரண்மனையே. மாநிலத் தொல்லியல் துறையினர் 1980ஆம் ஆண்டு தொடங்கிச் சில பருவங்களும், மீண்டும் 2021 முதலும் இங்கே அகழ்ந்தனர். செங்கற் சுவர்களின் அடிப்பகுதி, கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீன நாட்டுப் பீங்கான் துண்டுகள் முதலியன வெளிப்பட்டன. தூண்கள் மரத்தாலானவை, அவற்றைத் தாங்கிய கருங்கற் பீடங்கள் சில எஞ்சியுள்ளன. இறைவனுக்குக் கல்லாலும் அரசனுக்குச் செங்கல்லாலும் மரத்தாலும் வீடு அமைத்த அக்காலத்து வழக்கத்தினாலேயே, கோயில் நிற்க அரண்மனை மறைந்தது. மரம் மக்கிற்று, செங்கல்லை ஊரார் தலைமுறை தலைமுறையாக எடுத்துத் தம் வீடுகளுக்குச் சுவர் வைத்தனர். இன்று அங்கே தகரக் கூரையின்கீழ் முழங்கால் உயரச் சுவர்கள் மட்டுமே தோன்றும். "இவ்வளவுதானா?" என்று ஒருவராவது கேட்கப் போகின்றார் என்பது திண்ணம்.

அவருக்காக யான் எடுத்துவைத்திருக்கும் விடை ஊர்ப்பெயர்களே. சுற்றிலும் உள்ள சிற்றூர்கள் உட்கோட்டை, ஆயுதகளம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்று வழங்குகின்றன. கோட்டை இடிந்தது, அதன் உட்புறம் என்னும் பெயர் இருக்கிறது. மன்னனுடைய உடலைக் காத்தோர் மாண்டனர். அவர் குடியிருந்த புத்தூருக்கு இன்றும் பேருந்து போகிறது. இலக்கணத்திற் காரணப்பெயர் என்று படிக்கிறோமே, காரணம் அழிந்தபின்னும் பெயர் நிற்குமாயின் அதனை எவ்வகையில் அடக்குவது என்று பேராசிரியரைக் கேட்டேன். அவர் நகைத்து, "அதை வண்டியிலேயே மாணவரிடம் கேள்" என்றார். பேருந்தின் நடத்துநரிடமிருந்து இப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் செய்து, அவை யாதாயிருந்திருக்கும் என்று மாணவரையே கூறச் செய்வது என் உத்தேசம்.

லாஸ்பேட்டையான் ஒருவன் அழிந்த நகரைப் பற்றிப் பேசுதற்குச் சிறிது உரிமை உடையவன் என்றே கருதுகிறேன். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றிக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். 1765இற் பிரெஞ்சுக்காரரிடம் அந்நகர் மீண்டபோது, ஆளுநராக வந்து இடிபாடுகளுக்கிடையே அதனை மறுபடி எழுப்பியவர் லா என்பவர். அவர் பெயரால் வழங்குவதே எங்கள் பேட்டை. இடிந்த நகரை எழுப்ப ஒருவர் வந்தார் என்பதை எங்கள் அஞ்சல் முகவரியே சொல்கிறது. சோழபுரத்திற்கு அவ்வாறு எவரும் வரவில்லை. வந்தவர்கள் கல் தேடி வந்தனர்.

இவ்விடத்தில்தான் எங்கள் திட்டம் ஏறத்தாழ முறிந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே, சோழபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டரில், கீழணை என்னும் அணைக்கட்டு உளது. அவ்வூரை அணைக்கரை என்பர். ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளரின் திட்டப்படி 1836இல் அது கட்டி முடிந்தது. அதற்குக் கல் வேண்டிக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் புறமதிலையும், சிற்பம் பொறித்த கற்கள் பலவற்றையும் பெயர்த்துக் கொண்டுபோயினர். ஊரார் தடுத்தனர், தடுத்தவர் தண்டிக்கப்பட்டனர். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்டதென்றும், அவ்வாக்கு நிறைவேறவில்லையென்றும் 1855இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நாட்டு விவர நூலொன்றே வருந்தி எழுதியிருக்கிறது. அக்காலத்து ஆங்கிலேயரே அதனை முறைகேடென்று உணர்ந்திருந்தனர் என்பது கருதத்தக்கது.

இச்செய்தியை மன்றக் கூட்டத்தில் யான் கூறிய அளவில், எனக்கு மிகவும் நெருங்கிய நண்பர் ஒருவர் எழுந்து, "எங்கள் கோயிற் கல்லை உங்கள் காட்டன் பெயர்த்தெடுத்தார். அதைக் காட்டுதற்கு உன்னையே வழிகாட்டியாக்கியது பொருத்தந்தான்" என்றார். அவையோர் சிரித்தனர், அவரும் சிரித்தார். அவர் உள்ளத்திற் பகை இல்லை என்பதை அறிவேன். ஆயினும் அந்த "எங்கள்", "உங்கள்" என்னும் இரு சொற்கள் அன்றிரவு என்னை உறங்கவொட்டாமற் செய்தன. காட்டன் கிறிஸ்தவர், யானும் கிறிஸ்தவன். அம்மட்டில் அவர் எனக்கு உறவாவாராயின், வெண்ணிக்குயத்தியாரும் ஒட்டக்கூத்தரும் எனக்கு யாவர்? அவர்களை ஓதியன்றோ பட்டம் பெறப் போகிறேன்?

என் பெரியப்பா பொதுப்பணித் துறையில் மேற்பார்வையாளராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டிற்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். அவர் கூடத்திற் காட்டனுடைய படம் ஒன்று தொங்குகிறது. மறுநாள் அவரிடம் சென்று நிகழ்ந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்பு, "தம்பி, உன் ஆத்தாள் பிறந்த ஊர் எது?" என்று கேட்டார். என் பாட்டியார் காட்டுமன்னார்கோயிலை அடுத்த ஒரு சிற்றூரிலே பிறந்தவர். "அவ்வூர் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்றார். "வீராணத்திலிருந்து" என்றேன். "வீராணத்திற்கு?" எனக்கு விடை தெரியவில்லை. "கீழணையிலே தேக்கிய நீர் வடவாற்றின் வழியே வந்து வீராணத்தை நிரப்புகிறது. அந்த நீரிலே விளைந்த நெல்லைத் தின்றுதான் உன் ஆத்தாள் வளர்ந்தாள். 2004 முதல் சென்னைப் பட்டணத்தாரும் அதைத்தான் குடிக்கிறார்கள். கல்லைப் பெயர்த்தது தப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல் வீணிலே கிடக்கவில்லை என்பதையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்" என்றார்.

யான் அவர் சொன்னதை முழுதும் ஏற்றுக்கொள்ளவில்லை. கல் வேண்டுமாயின் மலையிலே வெட்டியிருக்கலாம்; வழிபாட்டிலிருந்த இடத்தில், தடுத்த ஏழைகளைத் தண்டித்து எடுக்க வேண்டியதில்லை. எளிதிற் கிடைத்ததாலேயே எடுத்தனர். என் ஊரிலுள்ள தேவாலயத்தின் மதிலை ஒருவர் அவ்வாறு பெயர்த்து வாய்க்காலுக்குப் படி கட்டினால், வாய்க்காலின் பயனைச் சொல்லி என்னைத் தேற்ற இயலுமோ? இதைப் பெரியப்பாவிடமே கேட்டேன். அவர் சினந்தார், பின்னர், காட்டனே தம் நூலிற் கல்லணையைப் புகழ்ந்து, ஆழங்காணா மணலில் அடித்தளம் இடும் வித்தையை அப்பழங்கட்டுமானத்தினிடமே கற்றதாக எழுதியிருக்கிறார் என்று தொடங்கி, உணவு வேளை வரையிற் பேசினார். பாடத்தைத் தந்தவரும் சோழ நாட்டார், கல்லைத் தந்ததும் சோழர் கோயில் என்றால், கீழணையைக் காட்டனுடையது என்று மட்டும் எவ்வாறு சொல்வது என்பது அப்பேச்சினிடையே எனக்குத் தோன்றிய வினா. அதனை அவரிடம் சொன்னபோது, அவர் சினம் தணிந்து, சோறு இடச் சொன்னார்.

அதன்பின் திட்டத்தை முற்றிலும் மாற்றி எழுதினேன். கோயிலைக் கண்டு, மாளிகைமேட்டைக் கண்டு, சிதம்பரம் வழியே வீடு திரும்புதல் என்னும் பழைய ஏற்பாட்டின்படி சென்றால், நகரம் அழிந்தது என்னும் ஒரே செய்தியைத்தான் மாணவர் கொண்டு திரும்புவர். அது போன வழியைப் பின்தொடர்ந்து செல்வதே தக்கதெனப் பட்டது. ஆகவே புதிய ஏற்பாடு வருமாறு: காலையிற் கோயில், 11 மணிக்குள் மாளிகைமேடு, வெயில் ஏறியபின் கோயிலருகே உள்ள அகழ்வைப்பகம், பொட்டலச் சோறு. பிற்பகலில் அணைக்கரை. அங்கே கொள்ளிடத்துப் பாலத்தின்மேல் நின்று, அணையையும் அதிலிருந்து பிரியும் வடவாற்றையும் காணல். மாலையில் வடவாறு சென்று சேரும் வீராணத்தின் கரை. பராந்தகன் காலத்தில் அவன் மைந்தன் இராசாதித்தன் வெட்டுவித்த ஏரி அது. சோழபுரத்து மதில் தாங்கும் நீர், சோழர் ஏரியிலே சென்று விழுவதை மாணவர் கண்ணாற் காணலாம். கல்கியின் அன்பருக்கு அரைமணி நேரம் கிடைத்த வரலாறு இதுவே.

இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம் என்னும் ஏரியைச் சேர்க்க முடியவில்லையே என்பது ஒரு குறை. கங்கை வெற்றிக்கு நீராலாகிய வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதனைப் பாராட்டுகிறது. பொன்னேரி என்று இன்று வழங்கும் அதன் பெரும்பகுதி தூர்ந்துவிட்டது. பேருந்து அதன் கரையோரமாகச் செல்லுகையிற் சாளரத்தின் வழியே காட்டிவிடலாம் என்றிருக்கிறேன்.

புதிய ஏற்பாட்டைக் கேட்ட என் நண்பர், அணைக்கரையிலே யார் பேசுவது என்று வினவினார். "கோயிலில் யான் பேசுகிறேன், அணையில் நீ பேசு" என்றேன். அவர் திடுக்கிட்டு, சைவராகிய தாம் கோயிலிலும் கிறிஸ்தவனாகிய யான் அணையிலும் பேசுவதே முறையன்றோ என்றார். அதனாலேயே மாற்றினேன் என்றேன். இரண்டு நாள் ஆலோசித்து இசைந்தார். இப்பொழுது நூலகத்திற் கீழணையைப் பற்றிய நூல்களைத் தேடுகிறார். காட்டனைப் பற்றி என்னைக் காட்டிலும் அதிகமாக அறிந்துவிட்டார். கோதாவரிக் கரையில் மக்கள் அவரை இன்றும் போற்றுவதை நேற்று எனக்கே எடுத்துரைத்தார். யானோ சண்டேசுவரர் வரலாற்றைப் பெரியபுராணத்தில் மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

என் தாயார் இவ்விவாதங்களுள் எதிலும் கலந்துகொள்ளவில்லை. செலவு சனிக்கிழமையன்று என்பதை அறிந்து, ஞாயிறு காலை ஆராதனைக்கு எழுந்திருப்பாயா என்று மட்டும் கேட்டார். இரவு 9 மணிக்கு லாஸ்பேட்டை சேர்ந்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறேன். பொருளாளரோ, அணைக்கரை வரை செல்வதால் டீசல் கூடுதலாகும் என்று ஒரு கணக்கினை நீட்டினார். அதனைப் பெரியப்பாவிடம் கூறினேன். அவர் உள்ளே சென்று பணப்பையை எடுத்து வந்தார். தாமும் வருவதாகவும், முழங்கால் வலியின் காரணமாக ஓட்டுநருக்குப் பின்னுள்ள இருக்கை வேண்டுமெனவும் சொன்னார். அவ்விருக்கையைப் பேராசிரியருக்கென்று குறித்து வைத்திருந்தேன். அதனை அழித்துப் பெரியப்பாவின் பெயரை எழுதினேன்.